வீட்டிலேயே கில்ட் தைத்தல்: மடிப்புகளைச் சேர்த்தபின் இரண்டு அங்குலம் குறைவது ஏன்?

வடகடலோரம் (அபர்தீன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக ஸ்காட்லாந்தில் வசித்து வருகிறேன். சென்ற கோடையில் உடன் பணியாற்றும் நண்பரின் திருமணத்துக்காக ஒரு கில்ட்டை (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், மடிப்பு வைத்த உடை) வாடகைக்கு எடுத்து உடுத்தினேன். முன்புறம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் பின்னிடுப்பில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது; இருக்கைப் பகுதியிலோ, அதாவது பிட்டத்தின் மேல், மடிப்புகள் வாய் பிளந்து நின்றன. வார்களை எவ்வளவு இறுக்கினாலும், நடனம் தொடங்கும் நேரத்துக்குள் கில்ட் கீழே சரிந்து முழங்காலை மூடிவிட்டது. வாடகை உடை பல உடம்புகளுக்குப் பொதுவாகத் தைக்கப்படுவது என்பதால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. என் உடம்புக்கென்று ஒன்றை நானே தைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அன்றுதான் தோன்றியது.

என் தாயார் ஊரில் தையல் தொழில் செய்தவர். சிறு வயதிலேயே இயந்திரத்தில் உட்கார்ந்து பழகியதால் சட்டை, கால்சட்டை வரை எனக்குத் தைக்க வரும். அந்தத் துணிவில் 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளித் துணியில், பிளாக் வாட்ச் என்ற டார்டனில் (டார்டன் என்பது ஸ்காட்லாந்தின் வண்ணக் கட்டக்கோலம்), இரட்டை அகலத்தில் நான்கு கஜம் வாங்கி வைத்திருக்கிறேன். எந்த ஸ்காட்டியக் குலத்தையும் சேராதவர்கள் தயங்காமல் உடுத்தக்கூடிய டார்டன் என்று சொன்னதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். துணியின் அகலம் 56 அங்குலம். கட்டங்களின் கோலம் ஒருமுறை முழுதாகச் சுற்றி வருவதற்கு, அதாவது ஒரு செட்டுக்கு, 8 அங்குலம் ஆகிறது. விலையை நினைத்து இன்னும் கத்தரிக்கோலை அதன் அருகில் கொண்டுபோகவில்லை.

ஒத்திகையாக, விலை மலிவான பாலிகாட்டன் துணியில் பின்பகுதியை மட்டும் தைத்துப் பார்த்தேன். என் கால்சட்டையின் இடுப்பளவு 34, இருக்கைச் சுற்றளவு 41. சுற்றளவில் பாதி மடிப்புகளுக்கு, மீதிப் பாதி மடிப்பில்லாத முன்பாகத்துக்கு என்று பிரித்து, 24 மடிப்புகளைத் தையல் சாக்கினால் (சுண்ணக்கட்டியால்) குறித்து இயந்திரத்தில் தைத்தேன். இருக்கைப் பகுதியில் 20½ அங்குலம் வரவேண்டிய இடத்தில் 18½தான் வந்தது. கணக்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அதில் பிழை இல்லை.

அந்த இரண்டு அங்குலம் எங்கே போனது? கில்ட்டுக்கு இடுப்பளவு எடுக்கும் இடமே வேறு என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? மடிப்புகளை இயந்திரத்தில் தைப்பது தவறா? இந்த நான்கு கஜத்தை நீளவாக்கில் பிளந்தால் வரும், ஒற்றை அகலக் கணக்கிலான எட்டுக் கஜமும் உண்மையில் தேவைதானா? தைத்தவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஊசிமுனை (பெர்த்) எழுதியது:

வணக்கம் நண்பரே. கோயம்புத்தூரில் ஆண்கள் தையல் கற்று இங்கு வந்தவன் நான். பதினோரு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே கில்ட் தைத்துக் கொடுத்து வருகிறேன். நீங்கள் கத்தரிக்கோலை எடுக்குமுன் கேட்டது நல்லதாயிற்று. ஏனெனில் கில்ட்டில் வெட்டியபின் திருத்தக்கூடியது மிகவும் குறைவு.

முதலில் காணாமற்போன இரண்டு அங்குலத்தைப் பார்ப்போம். இருக்கையில் 20½ அங்குலத்தை 24 மடிப்புகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு மடிப்பும் வெளியே காட்டவேண்டிய அகலம் ஏறத்தாழ 21.7 மில்லிமீட்டர். உங்களுக்குக் குறைந்த இரண்டு அங்குலத்தை, அதாவது 51 மில்லிமீட்டரை, அதே 24ஆல் வகுத்தால் மடிப்புக்கு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது. அந்த இரண்டு மில்லிமீட்டர் வேறெங்கும் போகவில்லை. முனை மழுங்கிய சாக்கினால் போட்ட கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். கோட்டின் வெளிவிளிம்பில் தைக்காமல் உள்விளிம்பில் தைத்தால் அது மடிப்புக்குள் போய்விடும். துணியை மடக்கும்போது வளைவே சிறிது துணியைத் தின்னும்; தையல் கடிக்கும் இடம் மீதியைத் தின்னும். சட்டையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் யாருக்கும் தெரியாது. கில்ட்டில் அதே பிசகு இருபத்து நான்கு முறை ஒரே திசையில் சேர்கிறது. 16 அவுன்ஸ் கம்பளி உங்கள் பாலிகாட்டனைவிடத் தடிமனானது என்பதால், அதில் இழப்பு இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

இதற்கு மருந்து, ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாக அளந்து திருப்தி அடையாமல் இருப்பதுதான். ஐந்து மடிப்புகள் தைத்து முடித்ததும், முதல் மடிப்பின் விளிம்பிலிருந்து ஐந்தாவதன் விளிம்பு வரை மொத்தமாக அளந்து பாருங்கள். இருக்கைக் கோட்டில் 108 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கவேண்டும். இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் பிரிக்கவேண்டாம். அடுத்து வரும் இரண்டு மடிப்புகளில் ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டிக் கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். கணக்கு மொத்தத்தில் நேராகிவிடும், கண்ணுக்கும் தெரியாது. சாக்கை அவ்வப்போது கத்தியால் சீவிக் கூராக்கிக்கொள்ளவும்.

இனி அளவு. கால்சட்டை இடுப்பு எலும்புக்கு அருகில் தொங்குகிறது. கில்ட் தொப்புள் மட்டத்தில் இறுகுகிறது. அதற்கு மேலும் இரண்டு அங்குலம் துணி உயர்ந்து நிற்கும். ஆகவே கடையில் சொல்லும் 34 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். சட்டையைக் கழற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், தொப்புளைச் சுற்றி நாடாவை நன்றாகப் படியும்படி வைத்து அளக்கவேண்டும். இருக்கையை அதன் மிகப் புடைத்த இடத்தில் அளக்கவேண்டும். அங்கே நாடா இறுகாமல் தாராளமாக நழுவவேண்டும். இடுப்பில் இறுக்கம், இருக்கையில் தாராளம் என்பதே விதி. உங்கள் வாடகைக் கில்ட் அதற்கு நேர்மாறாக இருந்திருக்கிறது. இருக்கையில் போதவில்லை, அதனால் மடிப்புகள் வாய் திறந்தன. இடுப்பில் மிஞ்சியது, அதனால் சரிந்தது.

நீளத்தைத் தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரை இன்னொருவர் அளந்து சொல்லவேண்டும். நீங்களே குனிந்து அளந்தால் குனிந்த அளவுதான் கிடைக்கும். நீளத்தில் பிழை செய்யவே கூடாது. கில்ட்டின் கீழ் விளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை. தறியில் வந்த கரையே கீழ் விளிம்பாக நிற்கிறது. எனவே மிஞ்சிய துணியை மேற்பக்கத்தில்தான் வெட்டமுடியும். கீழே விடுவதற்கு ஒன்றும் இருக்காது.

இரட்டை அகலத் துணியை நடுவில் நீளவாக்கில் பிளந்தால் 28 அங்குல அகலத்தில் நான்கு கஜமுள்ள இரண்டு துண்டுகள் கிடைக்கும். இரண்டாவது துண்டை அரைச்சுற்றுத் திருப்பினால் அதன் கரையும் கீழே வந்துவிடும். பிளாக் வாட்ச் இருபுறமும் ஒத்த கோலம் என்பதால் திருப்பினாலும் கட்டங்கள் மாறாது. புக்கானன் போன்ற ஒத்தமையாத டார்டன்களில் திருப்பிய துண்டில் கோடுகளின் வரிசையே தலைகீழாகிவிடும். ஆயினும் பிளப்பதற்கு முன், இரண்டு கரைகளிலிருந்தும் ஒரே கோடு ஒரே உயரத்தில் வருகிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளையும் இணைக்கும் தையல் ஏதாவதொரு மடிப்பின் உள்வளைவில் மறைந்துவிடவேண்டும். எல்லாத் துணியும் கில்ட் கரையோடு வருவதில்லை. சிலவற்றில் கரை பிசிறாக இருக்கும். உங்களுடையதையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.

மடிப்புகள் இருக்கையிலிருந்து இடுப்பை நோக்கிக் குறுகிச் செல்லும் பகுதியை இங்கு ஃபெல் என்பார்கள். உடம்பின் வடிவத்தைத் துணிக்குக் கொடுப்பது இந்த ஏழெட்டு அங்குலம்தான். இதற்குக் கீழே மடிப்புகள் தைக்கப்படாமல் தாமாகத் தொங்கும். நம் வீட்டில் புடவைக்குக் கொசுவம் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் விரல்கள் செய்யும் வேலையை இதில் ஃபெல்லின் தையல் நிரந்தரமாகச் செய்துவிடுகிறது. நான்கு கஜம் இரட்டை அகலத் துணி மட்டுமே 64 அவுன்ஸ், அதாவது சுமார் 1.8 கிலோ. அத்தனை எடையும் ஃபெல்லின் மெல்லிய தையல்களில் தொங்கக்கூடாது என்பதற்காகத்தான், உட்புறத்தில் மடிப்புகளின் அடுக்குகளைக் குறுக்காகப் பிணைத்து ஓட்டுத்தையல் வரிசைகள் போடுகிறோம். அதற்கு மேல் கேன்வாஸ், அதற்கு மேல் பருத்தி லைனிங். உள்ளே அடுக்கடுக்காக மிஞ்சும் துணியை வெட்டி எடுத்தால்தான் பின்புறம் பொதி போலப் புடைக்காமல் இருக்கும். ஆனால் அந்த வெட்டு, உடுத்திப் பார்த்துச் சரி என்று உறுதிசெய்த பிறகே நடக்கவேண்டும்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லைனிங்குக்கும் வார்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஃபெல்லைக் கையால் தைப்பதே நல்லது. இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை முன்னே தள்ளும், மேல்துணி பின்தங்கும். பக்கத்துப் பக்கத்து மடிப்புகளில் குறுக்குக் கோடுகள் ஒரு நூல் அளவு ஏறி இறங்கினாலும் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். முதல் கில்ட்டுக்கு ஃபெல் மட்டுமே சில வார மாலைகளை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துத் தொடங்குங்கள்.

மாலைநேரத்தையல் எழுதியது:

மேலே கூறியவை அனைத்தும் தொழில்முறைத் தையற்காரருக்குப் பொருந்தும். வீட்டுத் தையலுக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. கில்ட்டில் வலப்பக்கம் இரண்டு வார்கள், இடப்பக்கம் ஒன்று என மூன்று வார்கள் இருக்கின்றன. ஓரிரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பக்கிளை நகர்த்தித் தைத்துவிட்டால் பொருந்திவிடாதா? என் நண்பர் ஒருவர் எடை குறைந்தபோது அப்படித்தான் செய்தார்.

ஊசிமுனை எழுதியது:

தங்கள் நண்பர் செய்தது தவறில்லை. வார்கள் இருப்பதே அதற்காகத்தான். உடம்பு ஓரங்குலம் ஏறி இறங்குவதை அவை தாங்கும். ஆனால் தைக்கும்போது நேர்ந்த பிழையை அவை தாங்குவதில்லை. பக்கிளை நகர்த்தும்போது நீங்கள் மாற்றுவது முன்பாகம் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவை மட்டும்தான். பின்னால் உள்ள மடிப்புகளின் அகலம் அப்படியே இருக்கிறது. பின்பகுதி இரண்டு அங்குலம் குறைந்துபோன கில்ட்டில், மடிப்புகளின் ஓரம் பக்கவாட்டில் நிற்கவேண்டிய இடத்தை விட்டுப் பின்னால் போய்விடும். முன்பாகம் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு பின்னால் இழுக்கும். டார்டனின் நடுக்கோடு தொப்புளுக்கு நேராக நிற்காமல் ஒருபக்கம் ஒதுங்கிவிடும். வார் இறுகியிருக்கும், கில்ட் பொருந்தியிருக்காது. வாடகை உடையில் நம் நண்பர் கண்டதும் ஏறத்தாழ இதைத்தான்.

கிளைட்கரை (கிளாஸ்கோ) எழுதியது:

எட்டுக் கஜம் தேவைதானா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். ஐயா சொன்ன முறையில் ஒரு கில்ட் தைக்கத் தொடங்கி, ஒன்பதாவது மடிப்பில் பொறுமை இழந்து பெட்டிக்குள் போட்டவள் நான். பிறகு என் கணவருக்குப் பெட்டி மடிப்பு (இரு ஓரமும் எதிரெதிர்த் திசையில் உள்ளே மடங்கும் அகலமான மடிப்பு) வைத்து, ஒற்றை அகலத்தில் நான்கே கஜத்தில் ஒன்று தைத்தேன். அதையே அவர் இன்றுவரை விரும்பி உடுத்துகிறார்.

நான்கு கஜம் என்றதும் அரைகுறை என்று எண்ணவேண்டியதில்லை. எட்டுக் கஜம் பிற்காலத்தில் நிலைபெற்ற வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் உடுத்திய பெரிய போர்வை உடையில் தையலே கிடையாது. நீண்ட துணியை விரித்து, மடித்து, இடைவாரால் இறுக்கிக்கொள்வார்கள். மிஞ்சியதைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். அன்றன்றைய உடம்புக்கு அன்றன்றே மடிப்பு வைத்ததால், பொருந்தவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை; நம் புடவையும் வேட்டியும் யாருக்கும் அளவு தவறாமல் இருப்பது போலத்தான். 1746-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் மலைநாட்டு உடையை ஆண்களுக்குத் தடைசெய்தது. படையில் இருந்தவர்களுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. 1782-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. மடிப்புகளைத் தைத்து நிறுத்திய கில்ட்டுகள் அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் காணக்கிடைக்கின்றன. அவை பெட்டி மடிப்பு வைத்தவை. துணியும் நான்கு கஜத்தை ஒட்டியதுதான். கோலம் கலையாமல், எல்லாம் ஒரே திசையில் சாயும்படி நெருக்கமாக வைக்கும் கத்தி மடிப்பும், அதற்கு வேண்டிய எட்டுக் கஜமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போகப்போக வந்து சேர்ந்தவை. (எட்டுக் கஜம் என்று முதன்முதலில் கேட்டபோது என் பாட்டியின் ஒன்பது கஜப் புடவைதான் நினைவுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு கஜத்தில் நம்மிடம் தோற்றுவிட்டார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன்.)

பொருத்தம் என்ற நோக்கில் பார்த்தாலும் பெட்டி மடிப்பு புதியவர்களுக்கு இரக்கம் காட்டுகிறது. உங்கள் பின்பகுதியின் 20½ அங்குலத்தை எட்டுப் பெட்டி மடிப்புகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மொத்தத்தில் எட்டு மில்லிமீட்டர்தான். அதை வார்கள் விழுங்கிவிடும். எடையும் பாதிக்கு அருகில் குறைகிறது. கோடையில் பேருந்தில் உட்கார்ந்து எழுவதும் எளிது. கத்தி மடிப்பு நடக்கும்போது பின்னால் அலை போல் வீசும் அழகு மட்டும் இதில் வராது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நீங்கள் ஏற்கெனவே முழுத் துணியும் வாங்கிவிட்டதால் ஒரு யோசனை. துணியைப் பிளந்தபின் ஒரு துண்டில் பெட்டி மடிப்புக் கில்ட் ஒன்றை முதலில் தைத்துப் பாருங்கள். இன்னொரு துண்டு தப்பிக்கும், மனமும் தப்பிக்கும். அளவு எடுப்பது, ஃபெல்லைச் சரிவாக்குவது, முன்பாகத்தை அமைப்பது எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு சிறு குறிப்பு: இஸ்திரி போடும்போது ஈரத்துணி விரித்து, பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். மடிப்புகளை அடிவரை கச்சாத் தையலால் பிணைத்து வைத்தபடியே இஸ்திரி போட்டுவிட்டு, கடைசியில் அந்த நூல்களைப் பிரிக்கவேண்டும். நான் அவசரப்பட்டு முதலிலேயே பிரித்துவிட்டேன்; அடிப்பகுதியில் ஒரு மடிப்பு இன்றும் சற்றுக் கோணலாகவே விழுகிறது.

வடகடலோரம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மனைவியை அளக்கச் சொன்னேன். தொப்புள் மட்டத்தில் 37 அங்குலம் வந்தது. 34க்கும் இதற்கும் இடையே உள்ள மூன்று அங்குலத்தை இத்தனை நாளாகக் கால்சட்டை என்னிடம் மறைத்து வந்திருக்கிறது. இருக்கை 41. தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் நடு வரை 22 அங்குலம். மேலே இரண்டு அங்குலம் சேர்த்தால் 24; ஆகவே 28 அங்குலத் துண்டில் நான்கு அங்குலம் மேற்பக்கம் மிஞ்சும். கரையையும் பார்த்துவிட்டேன்; இரு பக்கமும் பிசிறில்லாமல் இறுக்கமாக இருக்கிறது, இரண்டு கரையிலிருந்தும் முதல் கோடு ஒரே உயரத்தில் வருகிறது.

சகோதரியின் யோசனை நியாயமானது. இரண்டு நாள் யோசித்தேன். ஆனாலும் எட்டுக் கஜத்தையே முயன்று பார்ப்பது என்று முடிவுசெய்திருக்கிறேன். அந்தத் திருமணத்தில் மணமகனின் தாத்தா நடந்து போனபோது பின்னால் மடிப்புகள் அசைந்த விதம்தான் எனக்கு இந்த ஆசையை உண்டாக்கியது.

ஓர் ஐயம் மட்டும் மீதியிருக்கிறது. எனக்கு முன்வயிறு சற்று உண்டு, பின்புறம் தட்டை. சுற்றளவைச் சரிபாதியாகப் பிரிப்பது என் உடம்புக்கும் பொருந்துமா?

ஊசிமுனை எழுதியது:

பொருந்தாது, நல்லவேளையாகச் சொன்னீர்கள். சரிபாதி என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. மடிப்புகள் உடம்பின் பக்கவாட்டில் முடியவேண்டும் என்பதுதான் நோக்கம். முன்புறம் புடைத்து, பின்புறம் தட்டையாக உள்ளவருக்குச் சரிபாதியாகப் பிரித்தால், மடிப்புகள் இரு பக்கமும் முன்னால் எட்டிப் பார்க்கும். பக்கவாட்டில், கையைத் தொங்கவிட்டால் நடுவிரல் படும் இடத்தில், இரு புறமும் குண்டூசியால் அடையாளம் வைத்துக்கொண்டு முன்னையும் பின்னையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இருக்கையில் முன்புறம் 21½, பின்புறம் 19½ என்றும், இடுப்பில் முன்புறம் 19, பின்புறம் 18 என்றும் வரும் என்பது என் ஊகம். ஊகத்தை நம்பித் தைக்கவேண்டாம். அளந்த பிறகே தையுங்கள்.

அந்த அளவே வந்தால், 24 மடிப்புகளில் ஒவ்வொன்றும் இருக்கைக் கோட்டில் 20.6 மில்லிமீட்டர், இடுப்பில் 19 மில்லிமீட்டர். மேலிருந்து கீழ்வரை ஒரு மடிப்பின் சரிவு ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். துணியும் போதும். கோலம் கலையாமல் மடிப்பதற்கு ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழு செட்டையும் வெளியே தெரியும் அகலத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். 24 மடிப்புகளுக்கு ஏறத்தாழ 212 அங்குலம். மொத்தமுள்ள 288இல் மீதி 76 அங்குலம், ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு முன்பாகங்களுக்கும் அவற்றின் ஓரத்தில் வரும் ஆழமான மடிப்புகளுக்கும் சரியாக இருக்கும்.

இடுப்புக் கோட்டுக்கு மேலுள்ள இரண்டு அங்குலத்தில் மடிப்புகளை மேலும் குறுக்கிவிடாதீர்கள். உடம்பு அங்கே மீண்டும் விரிகிறது. குறிப்பாக உங்கள் உடம்பு. மேல் விளிம்பு சற்று விரிந்து நின்றால்தான் உட்காரும்போது விலாவில் குத்தாது. மேற்பக்கத்தில் மிஞ்சும் நான்கு அங்குலப் பட்டையைத் தூக்கி எறியவேண்டாம்; இடுப்புப் பட்டைக்கு அதுவே போதும்.

கேன்வாஸ் வைப்பதற்கு முன் ஒருமுறை குண்டூசிகளோடு உடுத்திக்கொண்டு, கண்ணாடியை நம்பாமல், பின்னாலிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மடிப்புகளின் ஓரங்கள் ஃபெல்லிலிருந்து கரை வரை தரைக்குச் செங்குத்தாக விழவேண்டும். இருக்கைக்குக் கீழே மடிப்புகள் விரிந்து நின்றால் இருக்கையில் அளவு போதவில்லை என்று பொருள். அப்போது பிரிக்கத் தயங்காதீர்கள். பிரிக்கக்கூடிய கடைசி இடம் அதுதான்.

வடகடலோரம் எழுதியது:

ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பின்புறம் 19½ என்றே வந்தது. இடுப்பில் மட்டும் தங்கள் ஊகத்தைவிடக் கால் அங்குலம் கூடுதல். துணியைப் பிளக்கும்போது கை நடுங்கியது உண்மை. ஒரு நூலை உருவி எடுத்து, அந்தத் தடத்திலேயே வெட்டினேன்.

கையால் பத்து மடிப்புகள் தைத்து முடித்துவிட்டேன். முதல் மடிப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பத்தாவதுக்கு ஐம்பது நிமிடம். முதல் ஐந்தைத் தைத்ததும் அளந்து பார்த்தேன். 103 வரவேண்டிய இடத்தில் 101தான் இருந்தது. சாக்கைச் சீவிக் கூராக்கி, அடுத்த இரண்டில் ஒவ்வொரு மில்லிமீட்டர் கூட்டிக் கொடுத்தேன். இன்று பத்து மடிப்புகளையும் சேர்த்து அளந்தால் இருக்கைக் கோட்டில் 206க்குப் பதில் 205 இருக்கிறது. ஏழாவதும் எட்டாவதும் சேரும் இடத்தில் பச்சைக் குறுக்குக் கோடு அரை நூல் அளவு இறங்கியிருப்பதை மனைவி கண்டுபிடித்துவிட்டார். நான் கண்ணாடி போட்டுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் எட்டாவதை இன்றிரவு பிரித்துத் தைக்கப்போகிறேன். குறைந்த ஒரு மில்லிமீட்டரைப் பதினொன்றாவதன் மேல் ஏற்றிக் குறித்து வைத்திருக்கிறேன்.